காட்சிக்கு வைத்த சங்கு

1

நம் ஊர் ஆண்டு மலர் போடுகிற நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். வெளியே போய்ப் பிழைக்கிற நம்மவர்கள் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டுமாம். பம்பாய்க்காரர் எழுதிவிட்டாராம். சிலோன்காரர் எழுதிவிட்டாராம். கொச்சிக்காரன் நான்தான் பாக்கி. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள்.

செங்கோட்டையில் ரயில் ஏறி ஆரியங்காவுக் குகையைத் தாண்டினால் எனக்கு அந்நிய நாடு. கடல் தாண்டவில்லையே என்று சிரிக்க வேண்டாம். பாஸ்போர்ட் கேட்பதில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். மற்ற எல்லாவற்றையும் கேட்பார்கள். ரேஷன் கார்டுக்குப் போனால் எந்த ஊர் என்பார்கள். மட்டாஞ்சேரி என்றால், அது இல்லை, சொந்த ஊர் என்பார்கள். சொந்த ஊருக்கு வந்தால் நீங்கள் கேட்கிறீர்கள், எப்போது திரும்பிப் போகிறாய் என்று. என்னை வழியனுப்பி வைப்பதில் இரண்டு மாநிலத்துக்கும் நல்ல ஒற்றுமை.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. மட்டாஞ்சேரிக் கலைக்கூடத்தில் இந்த ஆண்டும் சமூகக் கண்காட்சி நடக்கிறது. வாசலில் அறிவிப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். குஜராத்திக்காரருக்கு அழைப்பு, கொங்கணிக்காரருக்கு அழைப்பு, யூதருக்கு அழைப்பு. நமக்கு இல்லை. இடம் போதவில்லையாம். போன ஆண்டு போதிய இடம் இந்த ஆண்டு எப்படிப் போதாமல் போனது என்று எனக்குத் தெரியும். அதைத்தான் எழுதுகிறேன்.

2

நான் பஜார் ரோட்டில் சாக்கு தைக்கிறவன். மிளகும் சுக்கும் கப்பலுக்குப் போகிற கிடங்குகளில் மூட்டைக்கு வாய் தைப்பேன். கோணி ஊசியும் சணலும்தான் கருவி.

கலைக்கூடம் இருக்கிற கட்டிடம் முன்பு சுக்குக் கிடங்கு. அதில் உட்கார்ந்து பல வருஷம் தைத்திருக்கிறேன். பிறகு அரசாங்கம் எடுத்து, வெள்ளையடித்து, 'தொடக்கூடாது' என்று பலகை மாட்டிக் கலைக்கூடம் ஆக்கியது. முதல் நாள் பார்க்கப் போனபோது சீட்டு வாங்கச் சொன்னார்கள். நான் துப்பிய வெற்றிலைக் கறை ஒரு தூணில் அப்படியே இருந்தது. அதற்கும் 'தொடக்கூடாது'தான். மழைக்காலத்தில் சுவரிலிருந்து இன்னும் சுக்கு வாடை வரும். ஒரு அம்மாள் மூக்கை இழுத்து, சரித்திரத்தின் வாசனை என்று ரசித்தார். எனக்குத் தும்மல் வந்தது.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. நம்மவர் யாராவது இறந்தால் நான்தான் சங்கு ஊதி, சேகண்டி அடித்து முன்னால் நடப்பேன். எனக்கு முன் இங்கே வந்த அப்பா இதைச் செய்தார். அவர் போன அன்று நான் ஊதினேன். அன்றிலிருந்து நான்தான். சங்கும் சேகண்டியும் எங்கள் வீட்டுக் கூரை எறவானத்தில், வெளிப்பக்கமாகத் தொங்கும். உள்ளே வைப்பது வழக்கமில்லை.

கொச்சியில் நம்மவர் யாருக்கும் என்னைத் தெரியாமல் இல்லை. சாவு என்றால் விடிவதற்குள் ஆள் வரும். கல்யாணத்துக்கு மட்டும் பத்திரிகை வராது. வந்தால் கையோடு சங்கையும் கொண்டு வந்துவிடுவேனோ என்ற பயம். வழியில் பார்த்தால் சிரிப்பார்கள், ஆனால் நிற்க மாட்டார்கள். வீட்டில் காய்ச்சல்காரர் இருந்தால் சிரிக்கவும் மாட்டார்கள்.

3

கலைக்கூடத்து ஆபீசர் திருவனந்தபுரத்துக்காரர். நல்லவர். நிறையப் படித்தவர். நிறையப் படித்தவர் காதில் நாம் சொல்வது ஏறுவது கஷ்டம். கொச்சியில் இத்தனை பாஷை, இத்தனை சனம் இருக்கிறதே, எல்லாருடைய பழம்பொருளையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்தால் ஒற்றுமை வளரும் என்பது அவர் யோசனை. இரண்டு நிபந்தனை வைத்தார். பொருள் பழையதாக இருக்க வேண்டும். ஒரு வீட்டுக்காரருடையதாக இல்லாமல் அந்தச் சமூகத்துக்கே பொதுவாக இருக்க வேண்டும்.

குஜராத்திக்காரர் வெள்ளித் தொட்டில் கொடுத்தார்கள். கொங்கணிக்காரர் பல்லக்கு. யூதர் விளக்கு. பாலக்காட்டு வழியாக வந்த தமிழ்க் குடும்பத்தார் வீணையும் கண்ணாடிப் படமும் கொடுத்துத் தனி அறை வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் வேறு தமிழர். மீதித் தமிழர் நாங்கள். சாக்கு, பட்டாணி, இட்லி, வெளுப்பு, சுமை தூக்கு.

எங்கள் சங்கத் தலைவர் சண்முகம் அண்ணாச்சி. பாத்திரக்கடை முதலாளி. கடை மாடியில் கூட்டம் போட்டார்.

"ஏவே, ஒருத்தன் வீட்லயும் ஒரு பழைய பித்தளைக் குடம் இல்லையா?"

"இருந்துச்சு அண்ணாச்சி" என்றான் பட்டாணி வறுத்து விற்கிற வேலு. "ஒங்க கடையில போட்டுத்தான எவர்சில்வர் வாங்குனோம். அதுல ஒண்ணத் திருப்பித் தாங்களேன்."

"அதெல்லாம் உருக்கியாச்சே" என்றார் அண்ணாச்சி.

எங்கள் சரித்திரம் முழுவதையும் தலைவரே உருக்கியிருந்தார். பிறகு அவர் கண் என்மேல் விழுந்தது. இறந்த வீட்டைத் தவிர வேறெங்கும் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"ஏ ஆறுமுகம், ஒன் சங்கு எந்தக் காலத்துது?"

"தெரியாது. எங்க அப்பாவுக்குப் பாட்டன் காலத்துலயே உண்டும்."

"சேகண்டி?"

"அதுவுந்தான்."

"எல்லாருக்கும் பொதுதான?"

"பொதுதான். ஒருத்தரும் தப்ப முடியாது."

வேலு எழுந்துவிட்டான். "அண்ணாச்சி, சாவு சாமானையா கொண்டு போயி வைக்கப் போறீய?"

"சங்குன்னா சங்கு. அதுல என்னடா சாவு சங்கு, சாமி சங்கு? மலையாளத்தானுக்குச் சங்குன்னா கோயிலு. நீ போயிச் சொல்லாம இருந்தாப் போதும்."

கண்காட்சியில் நமக்கு ஒரு மேசை கிடைக்காவிட்டால் அண்ணாச்சிக்கு மேடையில் நாற்காலி கிடைக்காது. நாற்காலி இல்லாவிட்டால் சால்வை கிடைக்காது. சமூக முன்னேற்றத்தில் அவருக்கு அவ்வளவு அக்கறை.

அண்ணாச்சியே கொண்டுபோய்க் கொடுத்தார். ஆபீசர் சங்கைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "எந்தொரு ஐசுவர்யம்!" என்றார். பட்டு விரித்து, அதன்மேல் வைத்து, 'தமிழர்களின் மங்கள வாத்தியங்கள்' என்று அட்டை எழுதினார். எறவானத்தில் தொங்கியது பட்டில் படுத்தது.

4

எனக்கு ஒரே பெண். வீட்டில் இசக்கியம்மாள். பள்ளிக்கூடத்தில் இந்து. டீச்சருக்கு இசக்கி வாயில் நுழையவில்லை, அதனால் சேர்க்கும்போதே மாற்றிவிட்டார். பத்தாம் வகுப்பு. மலையாளத்தில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்குவாள். ஊரிலிருந்து நீங்கள் போடுகிற கடிதத்தை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். கோபம் வந்தால் மலையாளத்தில் திட்டுகிறாள். அவள் அம்மா மாரியம்மாள் தமிழில் பதில் கொடுக்கிறாள். இருவருக்கும் நன்றாகப் புரிகிறது.

ஒவ்வொரு மேசைக்கும் பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்ல, பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை எடுத்தார்கள். தமிழர் மேசைக்கு இசக்கியைப் போட்டார்கள். இரண்டு பாஷையும் தெரியுமே. அவளுக்குப் பெருமை. மேசையில் என்ன இருக்கிறது என்று பார்த்து வந்த அன்று பெருமை போய்விட்டது.

"அப்பா, ஒரு காரியம் சொல்லட்டா?"

"சொல்லு."

"நீங்க அங்ஙன வர வேண்டா."

"எங்க?"

"கண்காட்சிக்கு. என் கூட்டுக்காரிக எல்லாரும் அங்கதான் நிப்பாளுக. ஆராவது ஒங்களத் தெரிஞ்சவங்க வந்து, இவரு சாவுக்கு ஊதுறவருன்னு சொல்லிட்டா..."

"எனக்கு என்ன வேலைன்னு சொல்லியிருக்க?"

"கிடங்குல வேலைன்னு."

"சரிதான. பொய் இல்லையே."

அடுப்படியிலிருந்து மாரியம்மாள் கரண்டியோடு வந்தாள். "ஒங்கப்பன் ஊதுனதுலதான்டி ஒன் யூனிபாரம் வந்துச்சு! ஊதுன காசு வேணும், ஊதுற ஆளு வேண்டாமா?"

"விடு" என்றேன். "நான் போகல."

பெற்ற பெண் என்னைப் பிறர் முன்னால் அப்பா என்று காட்டுவாளா, மாட்டாளா? அதுவரை அது ஒரு கேள்வியாகவே எனக்குத் தோன்றியதில்லை. அன்று தோன்றியது. இந்தக் குறிப்பில் வேறு விசேஷம் எதுவும் இல்லை.

5

திறப்பு விழாவுக்குப் போகவில்லை. எதிரே வேலுவின் பட்டாணி வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அது கண்காட்சி இல்லை, ரோடு.

திறந்து வைக்க ஒரு பிரமுகர் வந்தார். விளக்கேற்றினார். பேசினார். ஒற்றுமை பற்றி அவர் பேசி முடிப்பதற்குள் இரண்டு படகு வந்து போனது. கடைசியில் ஆபீசருக்கு ஒரு யோசனை உதித்தது. மங்கள வாத்தியம் முழங்கக் கண்காட்சி தொடங்கட்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார். சேகண்டியையும் கட்டையையும் பிரமுகர் கையில் கொடுத்தார்.

பிரமுகர் அடித்தார். விட்டு விட்டு மூன்று அடி. நம்மில் ஆள் போய்விட்டால் தெருவுக்கு அறிவிக்கிற அதே மூன்று அடி. யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே சரியாக அடித்தார். அனுபவசாலி.

உள்ளே என்ன நடந்ததென்று மாரியம்மாள் வந்து சொன்னாள். பின் வரிசையில் இருந்த நம்மவர் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்களாம். ஆண்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்களாம். ஒரு அம்மாள் பழக்கதோஷத்தில் வாயைப் பொத்தி அழவே தொடங்கிவிட்டார். தமிழர்கள் கலைக்குக் காட்டும் மரியாதையைப் பாருங்கள் என்று பிரமுகர் சொன்னாராம். எல்லாரும் கை தட்டினார்களாம். மேடையில் அண்ணாச்சி மட்டும் வேர்த்துக்கொண்டிருந்தார். சால்வை போர்த்தியிருந்தார்கள், அதனால் வேர்த்திருக்கும்.

வெளியே என் பக்கத்தில் நின்ற வேலு அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டான்.

"யாருண்ணே?"

"யாரும் இல்ல. விழா."

"சவத்த, பட்டாணி போச்சே" என்றான்.

6

அடுத்த வாரம் நிஜமாகவே ஒருவர் போனார். ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த சுடலைமுத்து. சுள்ளிக்கலில் வீடு. காலையில் சாயா குடிக்க உட்கார்ந்தவர் கிளாஸை வைத்துவிட்டுச் சாய்ந்துவிட்டார். போனேன். வெறுங்கையோடு போனதை அவர் மனைவி பார்த்தார்.

"அண்ணே, சங்கு எங்க?"

"கலைக்கூடத்துல இருக்கு."

"அப்ப அது வரட்டும். ஊர விட்டு வந்து ஐஸ்லயே வெறச்சுக் கெடந்த மனுசன். சங்கு ஊதாம ஒருத்தனும் தூக்கக் கூடாது."

எர்ணாகுளத்தில் பிராட்வேயில் புதுச் சங்கு விற்கிறதே என்றார் ஒருவர். விற்கிறது. அலமாரியில் வைக்கிற சங்கு. நுனி வெட்டாதது. எவ்வளவு ஊதினாலும் நம் மூச்சு நம் முகத்திலேயே அடிக்கும். சண்முகம் அண்ணாச்சியிடம் ஆள் அனுப்பினேன். இடப்பள்ளிக்கு வசூலுக்குப் போயிருக்கிறார் என்று கடைக்குள்ளிருந்து அவரே சொல்லியனுப்பினார்.

வேறு வழியில்லை. போக மாட்டேன் என்று சொன்ன இடத்துக்குப் போனேன். வாசலில் பியூன் குட்டப்பன் சீட்டு கேட்டான். வாங்கினேன். என் சங்கைப் பார்க்க.

இசக்கி மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். கூட நாலைந்து பிள்ளைகள், ஒரு டீச்சர். என்னைப் பார்த்தவள் சட்டென்று சுவரைப் பார்த்தாள். நானும் ஆபீசரைப் பார்த்தேன்.

"சார், இந்தச் சங்கு இப்ப வேணும். சாயங்காலம் கொண்டு வந்துருவேன்."

"அது பற்றில்ல" என்றார். முடியாது என்று அர்த்தம். "காட்சிக்கு வெச்சது எடுக்கணமெங்கில் திருவனந்தபுரத்து நின்னு உத்தரவு வேணம். ரெண்டாழ்ச்ச ஆவும்."

"ரெண்டு வாரம் தாங்காது சார்."

"எந்து தாங்ஙில்ல?"

நான் சுடலைமுத்துவை நினைத்தேன். உயிரோடு இருந்தபோது அவர் ஐஸில்தான் நின்றார். இப்போது தேவைப்படும் நேரத்தில் ஒரு கட்டிகூட இல்லை.

"ஆட்டெ, நிங்ஙள் ஆரா?" என்று கேட்டார் ஆபீசர். நீங்கள் யார்.

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சரும் பார்த்தார். என்னிடம் நேரான பதில் ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் இசக்கியின் கதை முடிந்தது. சொல்லாவிட்டால் சங்கு வராது. வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"சாரே, அம்பலத்தில் நின்னு ஆளு வந்நதா. இன்னு விசேஷால் பூஜயுண்டு."

கோயிலிலிருந்து ஆள் வந்திருக்கிறார், இன்று விசேஷ பூஜை இருக்கிறது. அழகான மலையாளம். ஒரு தடங்கல் இல்லை.

ஆபீசர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "அய்யோ, பூஜ முடங்ஙருது!" என்றார். செருப்பைக் கழற்றினார். சங்கைப் பட்டோடு எடுத்து, சேகண்டியை அதன்மேல் வைத்து, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். எனக்குத் தருவதென்றால் திருவனந்தபுரத்தில் கையெழுத்து வேண்டும். பூஜைக்குத் தருவதென்றால் செருப்பைக் கழற்றினால் போதும்.

சுடலைமுத்துவுக்குப் பட்டில் பொதிந்து கொண்டுபோன சங்கை ஊதினேன். வாழ்ந்த காலத்தில் அரசாங்கத்திடம் அவர் இவ்வளவு மரியாதை பெற்றதில்லை.

வீட்டுக்கு வந்து குளித்தேன். மாரியம்மாள் விஷயம் கேட்டாள். சொன்னேன்.

"பரவாயில்லையே, டக்குனு வாங்கிக் குடுத்துட்டாளே" என்றாள்.

"ஆமா. அப்பனையும் சேத்துக் குடுத்துட்டா."

இசக்கி அன்று சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். ஊதினால் பசிக்கும்.

7

சாயங்காலம் என்று சொல்லியிருந்தேன், சுடுகாட்டிலிருந்து வர இருட்டிவிட்டது. மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும். சட்டையைக் கழற்றினேன். நெற்றியிலும் மார்பிலும் திருநீறு பூசினேன். துவைத்த வேட்டி. துண்டை இடுப்பில் சுற்றினேன்.

"என்ன வேசம் இது?" என்றாள் மாரியம்மாள்.

"கோயில் ஆளு."

"அவ ஒரு வார்த்த சொன்னான்னு?"

"சொல்லிட்டாள்லா."

குட்டப்பன் சீட்டு கேட்கவில்லை. ஆபீசர் நாற்காலி போட்டார். குட்டப்பன் சாயா கொண்டு வந்து, "குடிக்கணம் சாமி" என்றான். சாக்கு தைத்த இடத்தில் சாமியாக உட்கார்ந்து சாயா குடித்தேன். முதுகில் மூட்டை உரசிய தழும்பு தெரிந்திருக்கும். தவத்தில் வந்தது என்று நினைத்திருப்பார்கள். இசக்கி ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் சொல்லிக்கொண்டிருந்த விளக்கம் பாதியில் நின்றுவிட்டது.

ஆபீசருக்கு மறுபடியும் யோசனை உதித்தது. யோசனை உதிக்காத நாளில் அவருக்குச் சம்பளம் கிடையாதோ என்னவோ. தினசரி பூஜை முடங்கக் கூடாது, அதனால் சங்கு என்னிடமே இருக்கட்டும், மேசைக்குச் சேகண்டி போதும் என்றார். நிறைவு விழாவன்று நான் அதை மேடையில் ஊத வேண்டும். பிரமுகர் மறுபடியும் வருகிறார்.

"எனக்கு மேடையில பழக்கமில்ல சார்."

"கண்டோ, எந்தொரு விநயம்!" என்றார் குட்டப்பனிடம். அடக்கமாம்.

அன்று மாலையே சண்முகம் அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார். முதல் முறையாக. எறவானத்தைப் பார்த்துக்கொண்டே, சங்குக்கு நேர் கீழே வராமல் தள்ளி நின்றார்.

"ஆறுமுகம், நம்ம மானம் ஒன் வாயிலதான் இருக்கு. கோயில் மாதிரி ஊதிரு."

"அது எப்படி?"

"சாவு மாதிரி இல்லாம."

"எனக்கு ஒரு ஊத்துதான் தெரியும் அண்ணாச்சி."

"அப்ப பழகு. இன்னும் நாள் இருக்குல்லா."

பழகினேன். அவர் மானத்துக்காக இல்லை. இசக்கி சொன்னது சொன்னபடி நிற்க வேண்டும், அதற்காக. படகுத்துறைக்குப் பின்னால் கிடங்குச் சுவர் ஓரமாக நின்று, நீட்டாமல், இழுக்காமல், குட்டையாக ஊதிப் பார்த்தேன். எப்படி ஊதினாலும் கடைசியில் அது இறங்கி அழுதது. என் மூச்சு அந்த ஒரு வழியில்தான் பழகியிருக்கிறது. ஊதியதும் வேலு ஓடி வந்தான். "யாருண்ணே?" மறுநாளும் ஊதினேன். வெளுக்கிற வீட்டுப் பெண்கள் நனைந்த கையோடு வந்தார்கள். "யாரு போனது?" மூன்றாம் நாள் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, சுவர் மூலையில் இசக்கி நின்றாள். பையோடு. பள்ளி விட்டு வருகிற வழி. எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது.

"யாரு போனதுன்னு நீயும் கேக்க வந்தியா?" என்றேன்.

பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

8

நிறைவு விழா. திருநீறு பூசிப் போனேன். கூட்டம் நிறைய. இசக்கியின் பள்ளிக்கூடமே வந்திருந்தது. மேடையில் பிரமுகர், பக்கத்தில் அண்ணாச்சி, போன தடவை போட்ட சால்வையோடு. ஒலிபெருக்கியில் அறிவிக்கிற வேலை பிள்ளைகளுக்கு. தமிழர் மேசை முறை வந்ததும் இசக்கி வந்து நின்றாள். கையில் ஆபீசர் எழுதிக் கொடுத்த தாள்.

நான் மேடையேறிச் சங்கை எடுத்தேன். ஊதவில்லை, எடுத்தேன், அவ்வளவுதான். பின் வரிசையில் நம்மவர் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மாரியம்மாளும் நின்றாள். பிரமுகர் அவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். அவருக்கு நம் பண்பாடு அத்துப்படி.

இசக்கி தாளைப் பார்த்தாள். பிறகு அதை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். அவள் மலையாளத்தில் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. தமிழில் எழுதுகிறேன்.

"இது கோயில் சங்கு அல்ல. எங்களில் ஒருவர் இறந்தால் ஊதுகிற சங்கு. சேகண்டியும் அதற்குத்தான். கோயில் ஆள் என்று நான் சொன்னது பொய். இவர் சாக்கு தைக்கிறவர். சாவுக்கு ஊதுகிறவர். என்னுடைய அப்பா."

மைக்கைக் கொஞ்சம் கிட்ட இழுத்தாள்.

"இன்றைக்கு யாரும் இறக்கவில்லை. அதனால் அப்பா ஊத மாட்டார்."

எனக்காக வேறொருவர் முடிவு சொல்லி அதுவரை நான் இவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை. சங்கை இறக்கினேன்.

யாரும் கை தட்டவில்லை. பிரமுகர் தன் வலது கையைப் பார்த்தார். போன முறை கட்டை பிடித்த கை. வேட்டியில் துடைத்தார், மறுபடியும் பார்த்தார். ஆபீசர் செருப்பைத் தேடினார். சண்முகம் அண்ணாச்சி எழுந்து, தனக்கு இது எதுவுமே தெரியாது என்று மூன்று பாஷையில் சொன்னார். குஜராத்திச் சேட்டு ஒருவர் மட்டும், அப்படியானால் திறப்பு விழாவில் யாருக்காக அடித்தோம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஒற்றுமை பற்றி அன்று யாரும் பேசவில்லை. விழா சீக்கிரம் முடிந்தது.

சேகண்டியைத் திருப்பி எடுக்க மேசைக்குப் போனேன். உத்தரவு எதுவும் கேட்கவில்லை. எடுத்துப் போனால் போதும் என்று இருந்தது அவர்களுக்கு. அட்டையை ஏற்கெனவே கிழித்துவிட்டார்கள். பட்டைச் சலவைக்குப் போட மூலையில் தள்ளியிருந்தார்கள். இசக்கியின் கூட்டுக்காரிகள் தள்ளி நின்று பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் கிட்ட வந்து, சங்கைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். இசக்கி கொடுத்தாள்.

குட்டப்பன் தூணுக்குப் பின்னால் ரொம்ப நேரமாக நின்றான். இப்போது வந்தான். சாமி என்று கூப்பிடவில்லை.

"சேட்டா, ஒரு காரியம் சோதிச்சோட்டே? வீட்டில் அம்மைக்குத் தீரே வய்யா. டாக்டர் கையொழிஞ்ஞு." அண்ணே, ஒன்று கேட்கட்டுமா, அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, டாக்டர் கைவிட்டுவிட்டார் என்கிறான். கொஞ்சம் தயங்கினான். "நிங்ஙள் தமிழர்க்கு மாத்ரமே ஊதுகயுள்ளோ?"

தமிழருக்கு மட்டும்தான் ஊதுவீர்களா என்று மலையாளத்துக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

சேகண்டியைத் துணியில் கட்டிக்கொண்டிருந்த இசக்கி நிமிர்ந்தாள். "வீடு எவிடெயா?" என்று கேட்டாள். கூட்டுக்காரிகள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குட்டப்பன் வழி சொன்னான்.

"விளிச்சா மதி சேட்டா. அச்சன் வரும்" என்றாள். கூப்பிட்டால் போதும், அப்பா வருவார்.

இது போன ஆண்டு. குட்டப்பனின் அம்மா தேறிவிட்டார். இப்போது சந்தைக்குத் தானே போய் மீன் வாங்குகிறாராம். குட்டப்பன் என்னை வழியில் பார்த்தால் சங்கடத்தோடு சிரித்து, "இல்ல சேட்டா, இதுவரெ ஆயிட்டில்ல" என்கிறான். இன்னும் ஆகவில்லையாம்.

அவசரமில்லை என்கிறேன். என் மகள் சொன்ன சொல் இருக்கிறது. எப்போது கூப்பிட்டாலும் போவேன்.